புளியமரத்துக் கவட்டையில் வாசனைப் பூவோடு ஒரு செடி: புல்லுருவியா, ஆர்க்கிடா?

செங்கம் சிவா

வணக்கம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் நிலத்து வரப்பில் ஒரு பழைய புளியமரம் இருக்கிறது. கிளை பிரிகிற கவட்டையில் ஒரு செடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒற்றைத் தண்டு. அதன் இரண்டு பக்கமும் இலைகள் அடுக்கடுக்காக, தோல்போலத் தடிப்பாக, வெளிப்பக்கம் வளைந்து நிற்கின்றன. பென்சில் தடிமனுக்கு வெள்ளை வேர்கள் பட்டையின் மேலேயே ஓடுகின்றன, சில அந்தரத்தில் தொங்குகின்றன. மண் என்று எதுவும் இல்லை.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். ஒரு காம்பில் ஆறு பூ. இதழ்கள் மஞ்சள் கலந்த பழுப்பு, அதில் கட்டம் கட்டமாகக் கோடுகள். நடுவில் இருக்கும் ஒன்று மட்டும் கத்தரிப்பூ நிறம். கிட்டே போனால் நல்ல வாசனை.

அப்பா இதைப் புல்லுருவி என்கிறார். மரத்துச் சாற்றை உறிஞ்சிவிடும், வெட்டிப் போடு என்கிறார். போன வருஷம் காய்ப்பும் குறைவு. வெட்டிவிடலாமா? அலைபேசியில் எடுத்த படம் தெளிவாக இல்லை, அதனால்தான் எழுத்தில் விவரித்திருக்கிறேன்.

ஏற்காட்டான்

அரிவாளைக் கீழே வையுங்கள் சிவா. ஆர்க்கிட்தான். அநேகமாக வாண்டா டெசலேட்டா. உறுதியாகச் சொல்ல மூன்று விஷயம் வேண்டும். இலை நடுவில் மடிந்து ஓடைபோல இருக்கிறதா, தட்டையா? இலை நுனி கூராக முடிகிறதா, எலி கடித்ததுபோல ஒழுங்கில்லாமல் முடிகிறதா? இதழின் பின்பக்கம் என்ன நிறம்?

செங்கம் சிவா

ஓடை போட்டிருக்கிறது அண்ணா. நுனி கடித்துத் துப்பியதுபோலத்தான், இரண்டு மூன்று பல் தெரிகிறது, ஒன்று நீளம் ஒன்று குட்டை. இதழின் பின்பக்கம் சுத்த வெள்ளை. முன்பக்கம் பழுப்பு, பின்னால் வெள்ளை, எப்படி என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஏற்காட்டான்

அப்படியானால் சந்தேகமே இல்லை, வாண்டா டெசலேட்டா. அந்த வெள்ளை முதுகு நல்ல அடையாளம். தூரத்திலிருந்து பார்த்தால் மங்கலான பழுப்புப் பூ, காற்றில் திரும்பும்போது பளிச்சென்று வெள்ளை தெரியும்.

பூவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், படம் இல்லாதவர்களுக்கும் உதவும். அகலம் நான்கைந்து சென்டிமீட்டர். வெளியே மூன்று, உள்ளே இரண்டு என்று ஐந்து இதழ்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அடியில் குறுகிக் காம்பு போலாகி, மேலே அகன்று, ஓரம் நெளிநெளியாக இருக்கும். கட்டம் போட்ட கோலம் இந்த ஐந்திலும் உண்டு. ஆறாவது இதழ்தான் உதடு. அது ஊதா, சில செடிகளில் நீலம் தூக்கலாக இருக்கும். உதட்டின் அடியில் பின்பக்கமாகக் குட்டையாக ஒரு கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு காம்பில் ஐந்து முதல் பத்துப் பூ சாதாரணம்.

நிறம் செடிக்குச் செடி மாறும். ஒரே தோப்பில் ஒரு மரத்தில் பச்சை கலந்த மஞ்சளும், பக்கத்து மரத்தில் காப்பிக்கொட்டை நிறமும் பார்த்திருக்கிறேன். அதனால் நிறத்தை மட்டும் வைத்து வேறு இனம் என்று முடிவு கட்டாதீர்கள்.

பூ இல்லாதபோதுதான் குழப்பம் வரும். நம் பக்கம் இதே மரங்களில் அகாம்பே பிரெமோர்சா என்று இன்னொன்று ஏராளமாகத் தொற்றியிருக்கும். அதன் இலை இன்னும் அகலம், தடிப்பு, பூ ஒரு சென்டிமீட்டர்தான். மஞ்சளில் சிவப்புப் பட்டை போட்டு இலைக்கிடையிலேயே கொத்தாக ஒளிந்துகொள்ளும். நரிவால் மாதிரி கீழே தொங்கும் வெள்ளையும் இளஞ்சிவப்புமான சரம் என்றால் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா, அசாமில் பிஹு திருவிழாவுக்குத் தலையில் சூடும் கபௌ பூ. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. முழு மஞ்சள் பூவாக, புதரில் ஏறிப் படரும் நீளத் தண்டோடு இருந்தால் வாண்டா ஸ்பேதுலாட்டா. வாண்டா டெஸ்டேசியா என்று ஒரு குட்டி மஞ்சள் பூவும் இருக்கிறது, உதடு மட்டும் நீலம்.

மஞ்சப்பை

எல்லாம் சரி. ஆனால் சிவாவின் அப்பா சொல்வதில் என்ன தப்பு? எங்கள் ஊர் மாந்தோப்பில் இந்த மாதிரி ஒட்டுச்செடி வந்த மரங்கள் பட்டுப்போனதை நானே பார்த்திருக்கிறேன். மரத்து மேல் வாழும் செடி மரத்திடம் சாப்பிடாமல் வேறு எங்கே சாப்பிடும்?

செடிக்கிறுக்கி

மாமரத்தை வாட்டுவது உண்மையான புல்லுருவி. அதை ஒரு தடவை அறுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். புல்லுருவியின் அடிப்பாகம் கிளையோடு முடிச்சாக வீங்கி, கட்டைக்குள்ளேயே இறங்கியிருக்கும். எங்கே கிளை முடிகிறது, எங்கே புல்லுருவி தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. மரத்தின் நீர்க்குழாயிலேயே கைவைக்கிற செடி அது. இந்த ஆர்க்கிட் வேரை நகத்தால் நெம்பினால் பட்டையோடு பெயர்ந்து வரும். அடியில் மரத்தில் ஓட்டை எதுவும் இருக்காது. பிடிப்புக்கு மட்டும்தான் மரம்.

சாப்பாடு எங்கிருந்து என்றால், இலையில் பச்சையம் இருக்கிறது, சமையலைத் தானே செய்துகொள்கிறது. தண்ணீர் மழையிலும் பனியிலும். உப்புச்சத்து பட்டையில் வழிந்து வரும் நீரிலும், கவட்டையில் சேரும் தூசி, மக்கிய இலை, பறவை எச்சத்திலும்.

அந்த வெள்ளை வேரைக் கவனியுங்கள் சிவா. வெள்ளையாகத் தெரிவது வேரின் மேல் உறை, வெலாமென் என்பார்கள். உயிரில்லாத வெற்று அறைகளால் ஆனது. உள்ளே காற்று இருக்கும்வரை வெள்ளை. ஒரு டம்ளர் தண்ணீரை மேலே ஊற்றினால் சில நொடிகளில் உறிஞ்சிக்கொண்டு பச்சையாக மாறும். நிறம் மாறுவது கண்ணெதிரே நடக்கும். அந்தப் பச்சை உள்ளே இருக்கும் உயிருள்ள பகுதியின் பச்சையம். வேரும் வெயிலில் சமைக்கிறது என்று அர்த்தம். வேர் நுனியில் ஒரு விரற்கடை பளபளவென்று பச்சையாக இருந்தால் செடி வளர்ந்துகொண்டிருக்கிறது.

செங்கம் சிவா

தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன் அக்கா. அப்படியே மாறியது! அப்பாவையும் ஏணியில் ஏற்றிக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ‘அப்ப காய்ப்பு ஏன் குறைஞ்சுது?’ என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஏற்காட்டான்

புளி எல்லா வருஷமும் ஒரே மாதிரி காய்க்காது. ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் ஓய்வெடுக்கும், புளியந்தோப்பு குத்தகை எடுப்பவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். பாவம், பழி ஆர்க்கிட் மேல்.

பீஷான் பாலா

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே தேசிய மலரும் வாண்டா மிஸ் ஜோக்கிம்தானே? அதன் சொந்தக்காரனா இது?

ஏற்காட்டான்

தூரத்து உறவு. மிஸ் ஜோக்கிம் ஒரு கலப்பினம். 1893-ல் ஆக்னஸ் ஜோக்கிம் அம்மையாரின் தோட்டத்திலிருந்து வெளியே தெரியவந்தது, 1981-ல் தேசிய மலரானது. அதன் இலை உருளையாக இருக்கும். பின்னாளில் தாவரவியலாளர்கள் அதன் பெற்றோரை வாண்டாவிலிருந்து பாப்பிலியோனாந்தே என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அது இருக்கட்டும், நம் புளியமரத்துச் செடிக்கு உலக அளவில் ஒரு பெருமை இருக்கிறது. 1795-ல் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய தன் படநூலில் இதை எபிடெண்ட்ரம் டெசலேட்டம் என்று பெயரிட்டு வெளியிட்டார். அந்தக் காலத்தில் மரத்தில் தொற்றும் ஆர்க்கிட் என்றாலே பெரும்பாலும் எபிடெண்ட்ரம்தான். 1820-ல் ராபர்ட் பிரவுன் வாண்டா என்ற பேரினத்தை முறைப்படி வரையறுத்தபோது மாதிரியாக வைத்தது இதே செடியை, வாண்டா ராக்ஸ்பர்கி என்ற பெயரில். இன்று பூக்கடையில் கொடி கட்டிப் பறக்கும் எல்லா வாண்டாவுக்கும் இதுதான் மூல அளவுகோல்.

வன்னிக்காடு

எங்கட பக்கமும் இது நிறைய இருக்கு அண்ணை. வவுனியாவிலிருந்து மேலே போகப் போக, குளக்கட்டு ஓரத்துப் பாலை, வீரை மரங்களில் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் மழை என்றால் மாரிதான், ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும். வைகாசியிலிருந்து ஒரு சொட்டு விழாது. குளம் வற்றி வெடித்துக் கிடக்கும் நேரத்திலும் இந்தச் செடி இலை சுருங்காமல் நிற்கும். ஒரு கேள்வி: கொழும்பில் இருக்கும் நண்பர் ஒருவர் இதை வெசாக் பூ என்றார். சரியோ?

செடிக்கிறுக்கி

இல்லை. வெசாக் என்கிற புத்த பூர்ணிமை சமயத்தில் பூக்கிற அந்தப் பேர்பெற்ற ஆர்க்கிட் டெண்ட்ரோபியம் மக்கார்த்தியே. இளம் ஊதா, தொங்கும் பூ. இலங்கையின் ஈரவலயத்துக் காட்டில் மட்டும் இருப்பது, உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. உங்கள் உலர்வலயத்துச் செடியும் எங்கள் செங்கத்துச் செடியும்தான் ஒன்று.

நீங்கள் சொன்ன இலை சுருங்காத விஷயம் முக்கியம். ஆர்க்கிட் என்றால் ஊட்டி, குளிர், சாரல், பாசி என்று ஒரு படம் எல்லோர் மனதிலும் ஓடுகிறது. வாண்டா டெசலேட்டா அந்தப் படத்துக்குள் வராது. வறண்ட இலையுதிர் காடு, கரையோரப் புதர்க்காடு, கோயில் காடு, ஏரிக்கரை, ஊருக்கு நடுவே நிற்கும் மாமரம், இதுதான் அதன் வாழிடம். இந்தியாவிலும் இலங்கையிலும் நேபாளம், வங்கதேசம், மியான்மரிலும் இருக்கிறது. உடம்பே வறட்சிக்காகச் செய்தது. பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து அமிலமாகச் சேர்த்துவைக்கும். மறுநாள் கதவை அடைத்துக்கொண்டு அதை வைத்துச் சமைக்கும். கற்றாழையும் அன்னாசியும் செய்கிற அதே வேலை. ஓடைபோல மடிந்த இலையில் விழும் தூறல் நேராகத் தண்டுக்கு இறங்கி வேருக்குப் போகிறது.

இதைப் புரிந்துகொள்ளாமல்தான் ஆட்கள் பெயர்த்துக்கொண்டுபோய்ச் செம்மண் தொட்டியில் வைத்துத் தினமும் நீர் ஊற்றுகிறார்கள். வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். வெயிலில் சாகாதது தண்ணீரில் சாகும்.

வேலூர் வைத்தியர் பேரன்

இதன் வேர் மூட்டுவலிக்கு நல்லது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ராஸ்னா என்று வடக்கே விற்கிறார்கள். சிவா கொஞ்சம் அனுப்பினால் நன்றாயிருக்கும்.

செடிக்கிறுக்கி

அனுப்ப வேண்டாம் சிவா. ராஸ்னா என்ற பெயரில் ஊருக்கு ஊர் வேறு வேறு செடி கைமாறுகிறது. வங்காளப் பக்கம் இந்த வாண்டா வேர், வடமேற்கில் புளூச்சியா, தெற்கே நாட்டு மருந்துக்கடையில் அரத்தை. நம் கடைகளில் அரத்தை தாராளமாகக் கிடைக்கிறது, அது கிழங்கு, பயிர் செய்ய முடியும். வேரை அறுத்தால் இந்தச் செடி மரத்திலிருந்து விழுந்துவிடும். வலிக்கு வைத்தியரைப் பாருங்கள் தம்பி.

நர்சரி நண்பன்

பூவோடு இருக்கும் செடிக்கு நல்ல விலை போகிறது. யாரிடமாவது இருந்தால் தனிச் செய்தியில் வரவும். சிவா, இடம் எங்கே என்று சரியாகச் சொல்ல முடியுமா?

நெறியாளர்

காட்டிலிருந்து எடுத்த செடியை வாங்குவதும் விற்பதும் இங்கே கூடாது. மேலே உள்ள பதிவைப் பூட்டியிருக்கிறோம். யாரும் ஊர்ப்பெயருக்கு மேல் இடக்குறிப்பு போடாதீர்கள், வரைபட இணைப்பும் வேண்டாம். காப்புக்காட்டில் செடியைப் பெயர்ப்பது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், காட்டுயிர்களை நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால் நாடு தாண்டி அனுப்ப முறையான அனுமதி வேண்டும். வளர்க்க ஆசைப்படுபவர்கள் ஆய்வகத்தில் விதையிலிருந்து வளர்த்த கலப்பின வாண்டாக்களை வாங்கலாம்.

கேமரா கண்ணம்மா

எனக்கு இந்தப் பூவின் நடுப்பகுதி ரொம்பப் பிடிக்கும். உருப்பெருக்கி லென்ஸ் இல்லாவிட்டாலும் பல்குச்சி ஒன்று போதும். உதட்டுக்கு மேலே கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத ஒரு வெள்ளைத் தூண் இருக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்த உறுப்பு அது. அதன் தலையில் தொப்பி. பல்குச்சியை உதட்டிலிருந்து மேல்நோக்கி மெதுவாக இழுத்தால் தொப்பி கழன்று விழும், குச்சி நுனியில் இரண்டு மஞ்சள் உருண்டைகள் ஒரு சின்னக் காம்போடு ஒட்டிக்கொண்டு வரும். மகரந்தம் முழுவதும் அந்த இரண்டு உருண்டைதான். தூளாகப் பறக்காது. அடியில் இருக்கும் பசை அவ்வளவு வேகமாகப் பிடிக்கும், குச்சியை உதறினாலும் போகாது.

வண்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு அது போக வேண்டும், அடுத்த செடியின் பூவில் தூணின் அடியில் இருக்கும் ஈரக் குழியில் பதிய வேண்டும். ஒரு பூச்சி ஒரே ஒரு தடவை சரியாக வந்து போனாலும் போதும். அந்த ஒரு தடவை பெரும்பாலும் நடப்பதில்லை. அதனால்தான் எத்தனையோ பூ பூத்தும் காய் அபூர்வம்.

இன்னொன்று, மொட்டாக இருக்கும்போது உதடு மேல்பக்கம் இருக்கும். விரியும்போது காம்பு முறுக்கிக்கொண்டு பூ தலைகீழாகத் திரும்பி, உதடு கீழே வந்துவிடும். பூக்காம்பைத் தடவினால் அந்த முறுக்கு விரலில் தட்டுப்படும்.

செங்கம் சிவா

பூ எத்தனை நாள் இருக்கும்? காய் வந்தால் எடுத்து வேறு மரத்தில் விதைக்கலாமா?

ஏற்காட்டான்

யாரும் தொடாமல் விட்டால் பத்து நாளுக்கு மேல் தாராளமாக நிற்கும். மகரந்தம் சேர்ந்துவிட்டால் பூ சீக்கிரம் வாடும், காம்பு தடிக்க ஆரம்பிக்கும். நம் பக்கம் கோடையில்தான் பூப்பு அதிகம். பங்குனிக் கடைசியில் தொடங்கும், சில வருஷம் ஆடி வரைக்கும் இழுக்கும், மழையைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும்.

காய் விரல் நீளத்துக்கு, விலா எலும்பு போட்டதுபோல முகடுகளோடு நிற்கும். முற்ற மாதக்கணக்கில் ஆகும். வெடித்தால் உள்ளே விதை, மாவைவிட நைசான தூள். ஒரு காயில் எண்ணிலடங்காத விதை இருக்கும். ஆனால் நெல்லுக்கும் கம்புக்கும் இருப்பதுபோல விதைக்குள் கட்டுச்சோறு கிடையாது. பட்டையில் சரியான பூஞ்சை இருந்து, அது விதைக்குள் நுழைந்து ஊட்டினால்தான் முளைப்பு. முளைத்தாலும் பூக்கும் வயதுக்கு வரப் பல வருஷம். அதனால் காயைப் பறித்து வைத்துக்கொள்வதில் பயனில்லை, மரத்திலேயே வெடிக்கட்டும். காற்று கொண்டுபோகும். கிட்டத்தில் சொரசொரப்பான பட்டையுள்ள வயதான மரங்கள் இருந்தால் போதும்.

ஏரிக்கரை

அந்தக் கடைசி வரியைத்தான் நானும் சொல்ல வந்தேன். வயதான மரம் எங்கே இருக்கிறது?

எங்கள் பக்கம் சாலையை அகலப்படுத்த இரண்டு ஓரத்துப் புளியமரங்களையும் சாய்த்தார்கள். கட்டிப்பிடித்தால் கை எட்டாத மரங்கள். விழுந்த கிளைகளில் இந்த வாண்டாவும் அகாம்பேவும் கொத்துக்கொத்தாக இருந்தன. மரம் ஏலம் எடுத்தவரின் ஆட்கள் அவற்றைத் தட்டிவிட்டு லாரியில் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பான அலுவலகத்தில் கேட்டால் மரத்துக்குப் பதில் மரம் நடுவோம் என்றார்கள். நட்டதும் உண்மை. ஆனால் நட்டதில் பாதிக்குமேல் சீக்கிரம் வளரும் அலங்கார மரம். இந்தச் செடி ஏறுவதற்கு அந்தப் பட்டை எத்தனை தலைமுறை கழித்துச் சரியாகுமோ. மரத்துக்கு மரம் என்று கணக்குப் பார்க்கிற இடத்தில் மரத்தின் மேல் இருப்பது யார் கணக்கிலும் வருவதில்லை.

அனுமதி கேட்டு, விழுந்த கிளைகளிலிருந்து சிலவற்றை எடுத்து ஊர்க் கோயில் இலுப்பையில் கட்டியிருக்கிறோம். இப்படிக் கட்டிய செடிகள் பிடிக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செடிக்கிறுக்கி

பிடிக்கும், அவசரப்படாமல் செய்தால். வேரைக் கிழிக்காமல் பட்டைத் துண்டோடு சேர்த்தே எடுத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. தனியாக வந்துவிட்டால் செத்த, கூழான வேரை மட்டும் கத்தரித்துவிட்டு, சொரசொரப்பான பட்டையில் தண்டு அசையாதபடி கட்டுங்கள். அசைந்தால் புதிய வேர் நுனி உரசிக் கருகிவிடும். பருத்திக் கயிறு அல்லது பழைய வேட்டிக் கிழிசல் நல்லது, நாளடைவில் தானே இற்றுப்போகும். கம்பியும் நைலானும் வேண்டாம், தண்டை அறுக்கும். உச்சி வெயில் நேராக அடிக்கும் பக்கத்தைவிடக் கிழக்குப் பக்கம் பார்த்த கவட்டை நல்லது. கீழே மண், பாசி, தென்னை நார் மூட்டை எதுவும் வைக்காதீர்கள்.

மழைக்காலத் தொடக்கத்தில் கட்டினால் தண்ணீர் வேலை மிச்சம். கோடையில் கட்டியிருந்தால் காலையில் வேர் நனைகிற அளவுக்குத் தெளித்து, அடுத்த முறை தெளிக்குமுன் வேர் மறுபடி வெள்ளையாகிறதா என்று பாருங்கள். உரமாக, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 எல்லோரும் சொல்வார்கள். கோயில் மரத்தில் காக்காயும் மைனாவும் போடுவதே போதும் என்பது என் கட்சி. கீழ் இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிரும், பயப்படாதீர்கள். புது வேர் நுனி பட்டையைப் பிடித்து ஓட ஆரம்பித்துவிட்டால் நீங்கள் விலகிக்கொள்ளலாம்.

மஞ்சப்பை

எல்லா மரத்திலும் கட்டலாமா? எங்கள் ஏரிக்கரையில் தைலமரம்தான் இருக்கிறது.

செடிக்கிறுக்கி

தைலமரம் பட்டையை உரித்துப் போட்டுக்கொண்டே இருக்கும். கொய்யாவும் அப்படித்தான். உரிகிற பட்டையோடு செடியும் போய்விடும். மா, புளி, இலுப்பை, வேம்பு, மருது, நாவல் இவற்றில் பார்த்திருக்கிறேன். பட்டை வெடிப்பு விட்டு நின்று, ஈரத்தைக் கொஞ்சநேரம் பிடித்துவைத்தால் சரி.

வன்னிக்காடு

பாலையையும் சேருங்கோ அக்கா. பட்டை நல்லா வெடிச்சுக் கரடுமுரடாய் இருக்கும், அதிலே நல்லாய்ப் பிடிக்கும்.

ஏரிக்கரை

நன்றி. கட்டியவற்றில் ஒன்றில் வேர் நுனி பச்சை தெரிகிறது. மஞ்சப்பை சொன்ன மாதிரி எங்கள் கரையிலும் தைலமரத்துக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, பஞ்சாயத்தில் பேசி இலுப்பை வைக்கலாம் என்று நினைக்கிறோம். நாற்று கிடைக்கவில்லை. விதை எப்போது எடுக்க வேண்டும்?

ஏற்காட்டான்

ஆனி, ஆடியில் பழம் விழும். வௌவால் சப்பிப் போட்ட கொட்டையையே பொறுக்கலாம், சதை போயிருக்கும். வாங்கிவைத்து அப்புறம் போடலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். இலுப்பை விதை காய்ந்தால் முளைப்பு போய்விடும். பொறுக்கிய கையோடு பையில் போட்டுவிடுங்கள், அடிவேர் வேகமாக இறங்கும், நீளமான பையாகப் பாருங்கள்.